கொரோனா காலத்தில் வெளிநாட்டுச் சுற்றுலா: குமரி மாவட்டத்திலிருந்து போகலாமா, வேண்டாமா என்று முடிவெடுப்பது எப்படி?

நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம், குளச்சல் பக்கம் இருந்துகொண்டு, "கொரோனா கொஞ்சம் அடங்கியிருக்கிறதே, குடும்பத்தோடு ஒரு வெளிநாடு போய்வரலாமா?" என்று யோசித்தவர்களுக்காக 2022 பிப்ரவரியில் இதை எழுதினேன். வேலைக்கும் படிப்புக்கும் போகிறவர்கள் எப்படியும் போயாக வேண்டும். சுற்றுலா போகிறவருக்கு மட்டும்தான் "இப்போது வேண்டாம்" என்று சொல்லும் வசதி இருக்கிறது. அந்த வசதி டிக்கெட் எடுக்கும்வரை இலவசம். எடுத்த பிறகு அதற்கு ஆயிரக்கணக்கில் கொடுக்க வேண்டி வரும்.

நாங்கள் பொங்கல் விடுமுறைக்கு சிங்கப்பூர் என்று தொடங்கி, கடைசியில் பிப்ரவரியில் மாலத்தீவு போய்வந்தோம். நடுவில் பட்ட அலைச்சலில் பாதியாவது, விவரம் தெரிந்த ஒருவர் முன்பே சொல்லியிருந்தால் மிச்சமாகியிருக்கும். கீழே சொல்லும் விதிகள் 2022 பிப்ரவரி கடைசி வார நிலவரம். அந்தக் கொரோனா விதிகள் இப்போது நடப்பில் இல்லை. ஆனால் எதை முதலில் பார்ப்பது, எதை அடுத்துப் பார்ப்பது என்ற வரிசை அப்படியே பயன்படும்.

1. திரும்பி வருவதிலிருந்து கணக்குப் போடுங்கள்

எந்த டிராவல்ஸில் போய் உட்கார்ந்தாலும் முதல் கேள்வி, "எப்போ போறீங்க? எத்தனை பேர்?" என்பதுதான். அதற்குப் பதில் சொல்வதற்கு முன்னால், வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து வேறொரு கேள்வியைப் பேசி முடிக்க வேண்டும். அங்கே போன இடத்தில் நம்மில் ஒருவருக்கு பாசிட்டிவ் வந்து, குறித்த நாளில் திரும்ப முடியாமல் போனால், இன்னும் ஒரு பத்து நாள் நம்மால் சமாளிக்க முடியுமா?

இதில் நான்கு விஷயங்கள் அடங்கியிருக்கின்றன. பத்து நாள் கூடுதல் அறை வாடகையும் சாப்பாட்டுச் செலவும் கையில் இருக்கிறதா? கூடுதல் விடுப்பு கிடைக்குமா? சர்க்கரைக்கோ ரத்த அழுத்தத்துக்கோ சாப்பிடும் மாத்திரை அத்தனை நாளுக்கும் கையில் இருக்குமா? ஊரில் விட்டுவந்த பெரியவர்களையும் கடையையும் பார்க்க ஆள் இருக்கிறதா?

பத்து நாள் என்று நான் சொல்வது சும்மா அச்சுறுத்துவதற்கு இல்லை. தொற்று வந்தவரைத் தனியே வைக்கும் தனிமைக் காலம் நாட்டுக்கு நாடு வேறுபட்டது, ஏழு நாள், பத்து நாள் என்று வைத்திருந்தார்கள். அதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. காய்ச்சல், இருமல் எல்லாம் போய் ஆள் நன்றாக ஆன பிறகும் ஆர்.டி.பி.சி.ஆர். சோதனை சில வாரங்கள்வரை பாசிட்டிவ் காட்டலாம். உயிரற்றுப்போன வைரஸின் மிச்சத்தையும் அந்தச் சோதனை பிடித்துவிடும். திரும்பும் விமானத்துக்கு நெகட்டிவ் ரிப்போர்ட் கட்டாயம் என்றால், உடம்பு சரியாகியும் ஊர் திரும்ப முடியாத நிலை வரும்.

நாங்கள் தங்கிய விடுதியிலேயே இதைக் கண்ணால் பார்த்தோம். வேறு மாநிலக் குடும்பம் ஒன்று. அப்பா, அம்மா இருவரும் இரண்டு டோஸ் தடுப்பூசி போட்டவர்கள். எட்டு வயதுப் பையன் ஊசி போடும் வயது இல்லை என்பதால் அவனுக்கு மட்டும் திரும்புவதற்குச் சோதனை தேவைப்பட்டது. அவனுக்குப் பாசிட்டிவ். பையனுக்கு லேசான சளிகூடக் கிடையாது. ஆனால் குடும்பம் முழுவதும் திரும்பும் நாளைத் தள்ளிவைக்க வேண்டி வந்தது. அந்த அம்மா வரவேற்பறையில் நின்று, ஊரில் மாமியாருக்கு யார் சமைத்துப் போடுவது என்று போனில் ஏற்பாடு செய்துகொண்டிருந்தார்.

இந்த முதல் கேள்விக்கு உங்கள் வீட்டில் "சமாளிக்க முடியாது" என்று பதில் வந்தால், இந்த வருடம் வேண்டாம். கடன் வாங்கியோ நகையை வைத்தோ போகிற பயணமாக இருந்தாலும் வேண்டாம். மூணாறோ வால்பாறையோ போங்கள். அங்கிருந்து கார் ஏறினால் வீடு வந்துவிடலாம்.

அரசு ஊழியர்கள், ஆசிரியர்கள் ஒன்றைத் தனியாகக் கவனியுங்கள். வெளிநாடு செல்ல உங்களுக்குத் துறையின் முன் அனுமதி வேண்டும். அது கைக்கு வர நாளாகும். அனுமதி வாங்கிய தேதிகளைத் தாண்டி அங்கே தங்க நேர்ந்தால் என்ன செய்ய வேண்டும், யாருக்கு எழுத வேண்டும் என்பதையும் அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டுவையுங்கள்.

2. யார் போவது, யார் இருப்பது

அம்மாவையும் அழைத்துப் போக வேண்டும் என்றுதான் எங்களுக்கு ஆசை. அம்மாவுக்குச் சர்க்கரை இருக்கிறது. பயண இன்சூரன்ஸ் பாலிசிகளில் பெரும்பாலானவை ஏற்கெனவே இருக்கும் நோய்க்கும் அதனால் வரும் சிக்கலுக்கும் பணம் தருவதில்லை. வெளிநாட்டில் ஆஸ்பத்திரியில் சேர்க்க நேர்ந்தால் முழுச் செலவும் நம் தலையில். மருத்துவரிடம் கேட்டோம், இப்போது வேண்டாம் என்றார். தக்கலையில் அக்கா வீட்டில் அம்மாவை விட்டுவிட்டு, நான், மனைவி, ஏழு வயது மகள் மூவரும் போனோம். வருத்தம்தான், ஆனாலும் அந்த முடிவு சரி என்றே இப்போதும் நினைக்கிறேன்.

பிள்ளைகள் விஷயத்தில் வயதைக் கவனமாகப் பாருங்கள். 15 முதல் 18 வயதுக்காரர்களுக்கு 2022 ஜனவரி 3 முதல்தான் ஊசி தொடங்கியது. அதற்குக் கீழே உள்ளவர்களுக்கு அந்தப் பிப்ரவரிவரை இல்லை. பல நாடுகள் ஊசி போட்ட பெற்றோருடன் வரும் சின்னப் பிள்ளைகளை அனுமதித்தன. அந்த வயது வரம்பு ஒவ்வொரு நாட்டுக்கும் வேறாக இருந்தது. "குழந்தைக்குப் பிரச்சினை இல்லை" என்று வாய்ச்சொல்லாகச் சொன்னால் விடாதீர்கள். எத்தனை வயதுவரை, போவதற்கா, வருவதற்கா, சோதனையிலிருந்து விலக்கா அல்லது தனிமையிலிருந்து விலக்கா என்று பிரித்துக் கேளுங்கள்.

3. எந்த நாடு?

ஆசைப்பட்ட நாட்டை வைத்துக்கொண்டு விதியைத் தேடினால் அலைச்சல்தான் மிஞ்சும். இப்போது இந்தியர்களைச் சுற்றுலாவுக்கு அனுமதிக்கும் நாடுகள் எவை என்று முதலில் எடுத்துக்கொண்டு, அதற்குள் உங்களுக்குப் பிடித்ததைப் பாருங்கள்.

இந்தியாவிலிருந்து வழக்கமான சர்வதேச விமானங்கள் 2020 மார்ச் 23 முதல் நிறுத்தப்பட்டிருந்தன. 2022 பிப்ரவரியில் பறந்தவை, இரண்டு நாடுகள் தங்களுக்குள் செய்துகொண்ட 'ஏர் பபுள்' ஏற்பாட்டில் ஓடியவை. அந்த ஏற்பாடு இருந்தது என்பதாலேயே சுற்றுலாப் பயணிக்கு அனுமதி உண்டு என்று ஆகிவிடவில்லை. சில நாடுகளுக்கு அங்கே வசிப்பவர்களும் வேலை விசா உள்ளவர்களும் மட்டுமே போக முடிந்தது. ஒரு நாட்டைப் பற்றிக் கேட்கும்போது இவற்றை எழுதிவைத்துக் கேளுங்கள்:

சுற்றுலா விசாவில் இந்தியரை விடுகிறார்களா? நான் போட்ட ஊசியை ஏற்கிறார்களா? இரண்டாவது டோஸுக்குப் பிறகு எத்தனை நாள் ஆகியிருக்க வேண்டும்? போவதற்கு முன் எத்தனை மணி நேரத்துக்குள் சோதனை? இறங்கியதும் சோதனை உண்டா? பாசிட்டிவ் வந்தால் எங்கே வைப்பார்கள், அந்தச் செலவு யாருடையது? இடையில் வேறு நாட்டில் விமானம் மாறினால் அந்த நாட்டின் விதி என்ன?

கோவாக்சின் போட்டவர்களுக்கு ஒரு வார்த்தை. உலக சுகாதார நிறுவனம் அதை ஏற்றது 2021 நவம்பர் 3 அன்றுதான். அதன் பிறகு நிலைமை மாறிவிட்டது. இருந்தாலும் நீங்கள் போகும் நாட்டின் பட்டியலில் அந்தப் பெயர் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். கோவிஷீல்டு போட்டவர்கள் நாளை எண்ண வேண்டும். இரண்டு டோஸுக்கும் இடையே 84 நாள், பல நாடுகள் அப்போது கேட்ட 14 நாள், ஆக முதல் ஊசியிலிருந்து குறைந்தது 98 நாள். வீட்டில் ஒருவர் தாமதமாகப் போட்டிருந்தால் எல்லோருடைய பயணத் தேதியும் அவரைப் பொறுத்தே அமையும்.

விதி எவ்வளவு வேகமாக மாறுகிறது என்பதற்கு ஒரு மாதக் கதை போதும். 2021 நவம்பர் 26 அன்று, டிசம்பர் 15 முதல் வழக்கமான சர்வதேச விமானங்கள் தொடங்கும் என்று அறிவித்தார்கள். அதே நாளில்தான் உலக சுகாதார நிறுவனம் ஒமைக்ரான் என்ற புதிய கொரோனா வகைக்குப் பெயர் வைத்தது. டிசம்பர் 1 அன்று விமான அறிவிப்பைத் தள்ளிவைத்தார்கள். இதற்கிடையே நவம்பர் 29 முதல் சிங்கப்பூர், ஊசி போட்ட இந்தியப் பயணிகளுக்குத் தனிமை இல்லாத பயண வழியைத் திறந்திருந்தது. சென்னையிலிருந்தும் அதற்கு விமானம் இருந்தது. நாங்கள் அதை நம்பித்தான் திட்டம் போட்டோம். டிசம்பர் 22 அன்று அந்த வழிக்கான புது டிக்கெட் விற்பனையை ஜனவரி 20 வரைக்கான பயணங்களுக்கு நிறுத்திவிட்டார்கள். அதே வாரத்தில் தாய்லாந்தும் தனிமையில்லாத் திட்டத்துக்குப் புதிய விண்ணப்பம் வாங்குவதை நிறுத்தியது.

ஆகவே, திரும்பக் கிடைக்காத பணம் எதையும் ரொம்ப முன்னதாகக் கட்டாதீர்கள். முன்னதாக எடுத்தால் டிக்கெட் விலை குறையும் என்பது சாதாரண காலத்துக்கான கணக்கு. கொரோனா காலத்தில் புறப்படுவதற்கு இரண்டு மூன்று வாரத்துக்கு முன் எடுப்பதே நல்லது. இரண்டாயிரம் ரூபாய் கூடப் போனாலும் பரவாயில்லை.

குமரி மாவட்டத்துக்காரருக்கு எளிதில் எட்டும் நாடுகளில் மாலத்தீவு, இலங்கை, ஐக்கிய அரபு அமீரகம் மூன்றும் திருவனந்தபுரத்திலிருந்தே தொட முடிகிறவை. மாலத்தீவின் தலைநகர் மாலே நமக்குச் சுமார் 600 கிலோமீட்டர்தான். சென்னை போவதைவிடக் குறைவு. இந்தியர்களுக்கு முன்கூட்டி விசா தேவையில்லை, இறங்கும்போது கட்டணமில்லாமல் தருகிறார்கள். அப்போது, புறப்படும் முன் 96 மணி நேரத்துக்குள் எடுத்த ஆர்.டி.பி.சி.ஆர்., உறுதியான அறை முன்பதிவு, 'இமுகா' என்ற இணையப் படிவம் மூன்றும் வேண்டியிருந்தன. இலங்கையில் 2022 பிப்ரவரியில் எரிபொருள் தட்டுப்பாடும் மின்வெட்டும் இருந்தன. நோயை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். துபாய் போகிறவர்களுக்கு விமான நிலையத்திலேயே எடுக்க வேண்டியிருந்த ரேபிட் பி.சி.ஆர். 2022 பிப்ரவரி 22 முதல் நீக்கப்பட்டது. 48 மணி நேர ஆர்.டி.பி.சி.ஆர். அப்போது தொடர்ந்தது.

4. பாஸ்போர்ட்டும் கோவின் சான்றிதழும் ஒரே பெயரைச் சொல்ல வேண்டும்

நம் ஊரில் அதிகம் பேர் மாட்டிக்கொள்கிற இடம் இதுதான் என்று நினைக்கிறேன். நமக்குக் குடும்பப் பெயர் எழுதும் வழக்கம் இல்லை. ஆதாரில் பெயருக்குப் பின்னால் ஓர் இனிஷியல், பாஸ்போர்ட்டில் அப்பா பெயரோ கணவர் பெயரோ முழுதாக, ஞானஸ்நானப் பெயர் சில ஆவணங்களில் இருக்கும், சிலவற்றில் இருக்காது. ஆதாரில் 'ஸ்டெல்லா எஸ்.' என்று இருப்பவர் பாஸ்போர்ட்டில் 'மேரி ஸ்டெல்லா சேவியர்' ஆக இருப்பார். ஊசி முகாமில் ஆதாரைக் காட்டித்தான் பதிவு செய்திருப்போம். கோவின் சான்றிதழும் 'ஸ்டெல்லா எஸ்.' என்றே வரும். வெளிநாட்டு விமான நிலையத்தில் இருக்கிறவருக்கு இவர்கள் இரண்டு பேர்.

அரசின் தடுப்பூசிப் பதிவுத் தளமான கோவினில் நீங்கள் பதிவு செய்த செல்போன் எண்ணால் உள்ளே போய், குறை தெரிவிக்கும் பகுதியைத் திறங்கள். பெயர், பிறந்த ஆண்டு, பாலினம் இவற்றைத் திருத்தும் வசதி அப்போது அங்கே இருந்தது. ஒரே ஒரு முறைதான் திருத்த விட்டார்கள். ஆகவே பாஸ்போர்ட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுத்துக்கு எழுத்து பார்த்து அடியுங்கள். அப்புறம் பாஸ்போர்ட் எண்ணைச் சேர்க்கும் வசதியைப் பயன்படுத்துங்கள். வெளிநாட்டுப் பயணத்துக்கான சான்றிதழில் பிறந்த ஆண்டு மட்டும் இருந்தால் போதவில்லை. நாள், மாதத்தோடு முழுத் தேதி வேண்டியிருந்தது. அந்த வசதியும் தளத்தில் இருந்தது. முகாமில் வேறு யாருடைய செல்போன் எண்ணையோ கொடுத்திருந்தால் அவரிடம் இப்போதே பேசிவையுங்கள், ஓ.டி.பி. அவருக்குத்தான் போகும்.

பாஸ்போர்ட் பயண நாளிலிருந்து ஆறு மாதமாவது செல்லுபடியாக வேண்டும். திரும்பும் நாள் தள்ளிப்போகலாம் என்பதால் ஏழு, எட்டு மாதம் இருந்தால் நிம்மதி. புதுப்பிக்க வேண்டுமென்றால் நம் மாவட்டம் மதுரை மண்டல அலுவலகத்தின் கீழ் வருகிறது. திருநெல்வேலியில் பாஸ்போர்ட் சேவை மையம் இருக்கிறது. 36 பக்கப் புத்தகத்துக்குச் சாதாரணக் கட்டணம் 1,500 ரூபாய், தட்கல் என்றால் அதோடு 2,000 கூடுதல். பிள்ளைகளுக்கு 1,000. குழந்தையின் பாஸ்போர்ட் ஐந்து வருடம்தான் செல்லும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. கைக்குழந்தையாக இருக்கும்போது எடுத்தது இப்போது காலாவதியாகியிருக்கும்.

பத்தாம் வகுப்பு தேறாதவர்களின் பாஸ்போர்ட் பெரும்பாலும் ஈ.சி.ஆர். வகை, அதாவது சில நாடுகளுக்கு வேலைக்குப் போகக் குடியேற்றத் துறையின் அனுமதி தேவைப்படும் வகை. அமீரகம், மலேசியா, தாய்லாந்து, இந்தோனேசியா எல்லாம் அந்த நாடுகளின் பட்டியலில் வருபவை. சுற்றுலாவுக்குத்தான் போகிறோம் என்றாலும் குடியேற்றப் பிரிவில் நிறுத்திக் கேட்பார்கள். திரும்பும் டிக்கெட், அறை முன்பதிவு, ஊரில் தொழில் இருப்பதற்கான ஆதாரம் ஆகியவற்றை அச்செடுத்துக் கையில் வைத்திருங்கள். மாலத்தீவு அந்தப் பட்டியலில் இல்லை.

5. பணக் கணக்கு

மொத்தச் செலவை இரண்டு தாளில் எழுதுங்கள். முதல் தாளில் எல்லாம் நல்லபடியாக நடந்தால் ஆகும் செலவு. இரண்டாவதில் பத்து நாள் மாட்டிக்கொண்டால் ஆகும் செலவு. அறை ஒரு நாளைக்கு 5,000, சாப்பாடு மூவருக்கும் 2,000 என்றால் பத்து நாளைக்கு 70,000 ரூபாய். அதோடு டிக்கெட் மாற்றும் கட்டணம், மறுசோதனைகள். இரண்டாவது தாளின் தொகை வங்கியிலோ கார்டிலோ இருந்தால் மட்டும் மேலே போகலாம்.

பேக்கேஜ் விலையில் எழுதப்படாதவை நிறைய. 2022-இல் மாலத்தீவில் பசுமை வரி தலைக்கு ஒரு நாளைக்கு விருந்தினர் விடுதியில் 3 டாலர், ரிசார்ட்டில் 6 டாலராக இருந்தது. விமான நிலையத்திலிருந்து தீவுக்குப் படகுச் செலவு தனி, அது சில ரிசார்ட்டுகளில் விமான டிக்கெட்டையே மிஞ்சிவிடும். மாஃபுஷி போன்ற உள்ளூர்த் தீவுகளில் தங்கினால் செலவு பல மடங்கு குறையும்.

இந்தியாவில் பேக்கேஜாக வாங்கினால், விற்பவரே வசூலித்துக் கட்டும் டி.சி.எஸ். என்ற வரியாக 2020 அக்டோபர் முதல் 2022 வரை 5 சதவீதம் பிடித்தார்கள். ஒன்றரை லட்சம் ரூபாய்ப் பேக்கேஜுக்கு 7,500 ரூபாய். பான் எண் கொடுக்காவிட்டால் 10 சதவீதமாக இருந்தது. இது உங்கள் பேரில் கட்டப்படும் வரி. கணக்குத் தாக்கல் செய்யும்போது திரும்பக் கேட்கலாம். பான் எண் கொடுத்து, பணம் பிடித்ததற்கான சான்று தருவார்களா என்று கேட்டு வாங்குங்கள். டிக்கெட்டையும் அறையையும் தனித்தனியாக நீங்களே போட்டால் இந்தப் பிடித்தம் வராது.

முன்பணம் கொடுக்கும் முன் டிராவல்ஸில் மூன்று சூழ்நிலையைச் சொல்லிக் கேளுங்கள். விமானத்தை அவர்களே ரத்து செய்தால்? நமக்குப் பாசிட்டிவ் வந்து போக முடியாவிட்டால்? அந்த நாடு கதவைச் சாத்திவிட்டால்? நாங்கள் கேட்ட ஓர் இடத்தில், "அதெல்லாம் வராது அண்ணா, வந்தா பாத்துக்கலாம்" என்றார் அந்தத் தம்பி. அந்தப் பதிலோடு எழுந்து வந்துவிட்டோம். பணம் திரும்ப வருமா, அல்லது அடுத்த பயணத்துக்கு வரவு வைப்பார்களா, எத்தனை மாதத்துக்குள் பயன்படுத்த வேண்டும் என்பதை மின்னஞ்சலில் எழுதி வாங்குங்கள். வாட்ஸ்அப் குரல் பதிவு பின்னால் எதற்கும் உதவாது.

கார்டு விஷயம் சுருக்கமாக: டெபிட், கிரெடிட் கார்டுகளில் வெளிநாட்டுப் பயன்பாடு இயல்பாக மூடியே இருக்கும். வங்கிச் செயலியில் நீங்களே திறக்க வேண்டும். அதை ஊரிலேயே செய்துவிடுங்கள். அங்கே போனபின் உங்கள் சிம்முக்கு ஓ.டி.பி. வராமல் போகலாம். டாலர் நோட்டாக ஒருவர் ஒரு பயணத்துக்கு 3,000 வரை கொண்டுபோகலாம். கொஞ்சம் நோட்டாகவும் மீதியைக் கார்டிலும் வைத்துக்கொள்ளுங்கள்.

6. இன்சூரன்ஸ் தாளை முழுதாக வாசியுங்கள்

'கோவிட் உண்டு' என்று முதல் பக்கத்தில் இருக்கும். உள்ளே பார்த்தால் ஆஸ்பத்திரியில் சேர்ந்தால் மட்டும் என்று இருக்கும். நமக்கு நடக்கக்கூடியது பெரும்பாலும் அறிகுறியே இல்லாமல் ஹோட்டல் அறையில் அடைந்து கிடப்பது. அந்த வாடகையும், டிக்கெட் மாற்றும் செலவும் பாலிசியில் வருமா என்று கேளுங்கள். புறப்படும் முன் பாசிட்டிவ் வந்து பயணம் ரத்தானால் என்ன தருவார்கள் என்பது இன்னொரு கேள்வி. இந்தியாவை விட்டுக் கிளம்பும் முன்பே பாலிசி எடுத்திருக்க வேண்டும். திரும்பும் தேதிக்குப் பிறகும் இரண்டு வாரம் சேர்த்து எடுத்தால் கூடுதல் பிரீமியம் பெரிதாக இருக்காது. மாட்டிக்கொண்டபின் நீட்டிப்பதைவிட அது எவ்வளவோ மேல்.

7. ஆர்.டி.பி.சி.ஆர்.: மணி நேரத்தைப் பின்னோக்கி எண்ணுங்கள்

புறப்படும் நேரத்திலிருந்து பின்னோக்கி வாருங்கள். சனிக்கிழமை மதியம் 1 மணிக்கு விமானம், 72 மணி நேர விதி என்றால் புதன் மதியம் 1 மணிக்கு முன்பு கொடுத்த சாம்பிள் செல்லாது. 96 மணி நேரம் என்றால் செவ்வாய் மதியம் 1 மணி. 48 மணி நேரம் என்றால் வியாழன் மதியம் 1 மணி. கணக்கு சாம்பிள் எடுத்த நேரத்திலிருந்தா, ரிப்போர்ட் வந்த நேரத்திலிருந்தா என்று நாட்டின் விதியைப் பாருங்கள். சந்தேகம் இருந்தால் சாம்பிள் நேரத்தையே வைத்துக்கொள்ளுங்கள். விமானம் தாமதமானாலும் தாங்குகிற மாதிரி சில மணி நேரம் மிச்சம் வையுங்கள்.

அடுத்த கேள்வி, சாம்பிள் எங்கே போகிறது? நாகர்கோவிலிலும் மார்த்தாண்டத்திலும் பலகை வைத்திருக்கும் எல்லா இடமும் ஆய்வகம் அல்ல. சில இடங்கள் சேகரிப்பு மையங்கள் மட்டும். அங்கே கொடுத்தது வேறு ஊருக்குப் பயணப்பட்டு, அங்கே வரிசையில் காத்திருந்து ரிப்போர்ட்டாக வரும். அலை உச்சத்தில் இருக்கும்போது ஒரு நாள் என்று சொன்னது இரண்டு நாள் ஆகும். ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரியில் சோதனை வசதி உண்டு என்றாலும் அது நோயாளிகளுக்காக. பயணச் சான்றிதழுக்கு ஐ.சி.எம்.ஆர். (இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில்) அனுமதி பெற்ற தனியார் ஆய்வகமே சரி.

விலையில் ஒரு விஷயம். கேரள அரசு 2022 பிப்ரவரியில் தனியார் ஆய்வகக் கட்டணத்தை 300 ரூபாயாகக் குறைத்தது. நம் பக்கத்தில் அதைவிடக் கூடுதலாக இருந்தது. களியக்காவிளை பக்கத்தில் இருப்பவர்களுக்குப் பாறசாலையோ நெய்யாற்றின்கரையோ போய்க் கொடுத்துவருவது அப்போது லாபமாக இருந்தது. நாகர்கோவில்காரர்கள் இதற்காக அவ்வளவு தூரம் போய், கூட்டத்தில் நின்று நோயை வாங்கி வர வேண்டாம்.

ரிப்போர்ட் கைக்கு வந்ததும் வரி வரியாகப் பாருங்கள். பாஸ்போர்ட்டில் உள்ளபடி பெயர், பாஸ்போர்ட் எண், பிறந்த தேதி, சாம்பிள் எடுத்த தேதியும் மணியும், ஆர்.டி.பி.சி.ஆர். என்ற சொல், ஸ்கேன் செய்தால் திறக்கும் கியூ.ஆர். குறியீடு, எல்லாம் ஆங்கிலத்தில் இருக்க வேண்டும். எங்கள் மகளின் ரிப்போர்ட்டில் பாஸ்போர்ட் எண்ணே இல்லாமல் வந்தது, பெயரிலும் ஒரு எழுத்து மாறியிருந்தது. ஆய்வகத்தில் போனை எடுக்க ஆள் இல்லை. நேரில் போய் உட்கார்ந்து, இரவுதான் திருத்தி வாங்க முடிந்தது. மறுநாள் காலை விமானம் என்றிருந்தால் பயணம் அங்கேயே முடிந்திருக்கும். சாம்பிள் கொடுக்கும்போதே பாஸ்போர்ட் நகலைக் கொடுத்து, அவர்கள் கணினியில் அடிப்பதை எதிரில் நின்று பாருங்கள்.

சாம்பிள் கொடுப்பதற்குப் பத்து நாள் முன்பிருந்தே வீட்டோடு இருங்கள். கல்யாண வீடு, கோயில் கொடை, தேவாலயத் திருவிழா எதற்கும் போக வேண்டாம். சொந்தக்காரர்கள் கோபித்துக்கொள்வார்கள். காரணத்தைச் சொன்னால் புரிந்துகொள்வார்கள்.

8. களியக்காவிளை தாண்டி விமான நிலையம்வரை

சென்னைக்காரருக்கு இல்லாத ஒரு சிக்கல் நமக்கு உண்டு. நம் விமான நிலையமான திருவனந்தபுரம் பக்கத்து மாநிலத்தில் இருக்கிறது. வெளிநாட்டு விதியோடு இரண்டு மாநிலத்தின் விதியையும் பார்க்க வேண்டும். 2022 ஜனவரியில் தமிழ்நாட்டில் 6ஆம் தேதி முதல் இரவு 10 முதல் காலை 5 வரை ஊரடங்கு; 9, 16, 23 ஞாயிறுகளில் முழு ஊரடங்கு. கேரளத்தில் 23, 30 ஞாயிறுகளில் கட்டுப்பாடு. விமான டிக்கெட் வைத்திருப்பவர்களை விடுவார்கள்தான், ஆனால் உங்களை விட்டுவிட்டுத் தனியாகத் திரும்பும் டிரைவரிடம் என்ன இருக்கும்? டிக்கெட்டின் நகல் ஒன்றை அவரிடம் கொடுத்துவிடுங்கள்.

திரும்பி வரும்போது கேரளத்திலிருந்து நுழைகிறவராகத்தான் செக்போஸ்ட்டில் உங்களைப் பார்ப்பார்கள். 2021 ஆகஸ்ட் 5 முதல், கேரளத்திலிருந்து வருபவர்களிடம் 72 மணி நேர ஆர்.டி.பி.சி.ஆர். அல்லது இரண்டு டோஸ் சான்றிதழ் கேட்டார்கள். தொற்று கூடியபோது இந்தச் சோதனை கடுமையானது, குறைந்தபோது தளர்ந்தது. சான்றிதழையும் போர்டிங் பாஸையும் பெட்டிக்குள் போடாமல் கையில் வைத்திருங்கள்.

வாடகைக் கார் என்றால் கேரள பெர்மிட் இருக்கிறதா, அந்தப் பணம் பேசிய வாடகைக்குள் அடங்குமா என்று முதலிலேயே கேளுங்கள். சர்வதேச முனையம் சாக்கை பக்கம். சங்குமுகம் பக்கம் இருப்பது உள்நாட்டு முனையம். இரண்டுக்கும் நடுவில் ஓடுபாதை, சுற்றித்தான் வர வேண்டும். டிரைவர் பழையவரானாலும் "சாக்கை" என்று சொல்லிவிடுங்கள். நாகர்கோவிலிலிருந்து காரில் இரண்டரை மணி நேரம் வையுங்கள். மார்த்தாண்டத்திலும் பாலராமபுரத்திலும் நெரிசல் பிடித்தால் அதுவும் போதாது. ஆவணச் சரிபார்ப்பு அப்போது வழக்கத்தைவிட நீண்டது. புறப்பாட்டுக்கு நான்கு மணி நேரம் முன்பே அங்கே இருந்தோம், அதில் பெரிய பகுதி வரிசையிலேயே போனது.

9. திரும்பும்போது

அப்போது இந்தியாவுக்குள் வர 'ஏர் சுவிதா' தளத்தில் படிவம் நிரப்ப வேண்டியிருந்தது, கடந்த 14 நாளில் எந்தெந்த நாட்டில் இருந்தீர்கள் என்பது உட்பட. 2022 பிப்ரவரி 14 முதல் புது விதி வந்தது. அரசு வெளியிட்ட 82 நாடுகளின் பட்டியலில் இருக்கும் நாட்டிலிருந்து வருகிறவர்கள், ஆர்.டி.பி.சி.ஆர். ரிப்போர்ட்டுக்குப் பதிலாக முழு ஊசிச் சான்றிதழைப் பதிவேற்றலாம் என்றார்கள். மற்றவர்களுக்கு 72 மணி நேர ஆர்.டி.பி.சி.ஆர். ஜனவரி 11 முதல் இருந்த ஏழு நாள் வீட்டுத் தனிமை நீங்கி, 14 நாள் சுயமாகக் கவனித்துக்கொள்வது மட்டும் இருந்தது. வந்திறங்கியவர்களில் 2 சதவீதம் பேரைத் தேர்ந்தெடுத்துச் சோதித்தார்கள்.

இதில் ஒளிந்திருந்த பொறி பிள்ளைகள். ஐந்து வயதுக்குக் கீழே சோதனை இருக்கவில்லை. ஐந்து வயதைத் தாண்டி, ஊசி வயது வராத பிள்ளைக்குக் காட்டச் சான்றிதழே இல்லை, ஆகவே சோதனை வேண்டியிருந்தது. தீவில் தங்கியிருந்தால் சாம்பிள் எடுக்க ஆள் எந்த நாளில் வருவார், ரிப்போர்ட் எப்போது கிடைக்கும், என்ன கட்டணம் என்று அறை போடும்போதே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

படிவத்தைத் திரும்பும் நாளுக்கு முந்தைய இரவே நிரப்பி முடித்து, அச்சோ படமோ எடுத்து வையுங்கள். விமான நிலைய வைஃபையை நம்ப வேண்டாம். முகவரி கேட்கும் இடத்தில் மாவட்டம் கன்னியாகுமரி, மாநிலம் தமிழ்நாடு என்று சரியாகத் தேர்ந்தெடுங்கள். இறங்கும் விமான நிலையம் கேரளம் என்பதால் அவசரத்தில் அந்த மாநிலமே பதிவாகிவிடும். பிறகு சுகாதாரத் துறை உங்களைத் தவறான மாவட்டத்தில் தேடும்.

10. வீடு வந்தபின்

முதல் ஒரு வாரம் நாங்கள் அக்கா வீட்டுக்குள் போகவே இல்லை. வாங்கிவந்த சாமானைத் திண்ணையில் வைத்துவிட்டு, அம்மாவோடு வீடியோவில் பேசினோம். பெரியவர்கள் இருக்கும் வீடு என்றால் விதி கேட்காவிட்டாலும் இதைச் செய்யுங்கள். இருமல், காய்ச்சல் வந்தால் பயணச் சளி என்று விட்டுவிடாமல் சோதித்துக்கொள்ளுங்கள்.

டிக்கெட், போர்டிங் பாஸ், ரிப்போர்ட், அறை ரசீது எல்லாவற்றையும் இன்சூரன்ஸ் கேட்கும் கெடு முடியும்வரை வைத்திருங்கள். பேக்கேஜில் போனவர்கள், உங்கள் பான் எண்ணில் டி.சி.எஸ். ஏறியிருக்கிறதா என்று வருமான வரித் தளத்தில் 26ஏ.எஸ். படிவத்தைத் திறந்து பாருங்கள். காலாண்டு முடிந்தபிறகும் ஏறவில்லை என்றால், பணம் கட்டிய ரசீதோடு டிராவல்ஸுக்கு நேரில் போய்க் கேளுங்கள்.